எச்சில் ஊறச் சொல்லும் சேதி

எங்கள் பெரியம்மாவுக்கு வயது 78. இட்லியைப் பிட்டு வாயில் போட்டதுமே கை டம்ளரைத் தேடும். ஒரு வாய் இட்லி, ஒரு மடக்குத் தண்ணீர். “நாக்கு அண்ணத்துல ஒட்டிக்குதுப்பா” என்பார். மூன்று இட்லி இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, கடைசியில் இரவில் வெறும் கஞ்சி என்றானது. வயதானால் எச்சில் வற்றத்தான் செய்யும் என்று வீட்டில் எல்லோருமே சொல்லிவிட்டோம். அது பாதிதான் உண்மை.

ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. நரம்பு சொன்னால்தான் உமிழ்நீர்ச் சுரப்பிகள் முழு வேகத்தில் இயங்கும். நரம்பு முனையிலிருந்து கிளம்பும் அசிட்டைல்கோலின் செல்லுக்குள் நுழைவதில்லை. செல்லின் மேலுள்ள ஏற்பியைத் தொட்டுச் சேதி சொல்கிறது, அவ்வளவுதான். உடனே உள்ளே ஐபி3 என்ற சிறு மூலக்கூறு உருவாகி, செல் சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. கால்சியம் பெருகியதும் குளோரைடு வெளியேறும். சோடியம் அதன் பின்னால் போகும், தண்ணீர் உப்பின் பின்னால் போகும். புளியங்காயைக் கண்டதும் வாயில் ஊறுகிறதே, அதற்குள் இத்தனையும் நடந்து முடிந்துவிடுகிறது.

இந்தச் சேதியை அறிவியல் கற்றுக்கொண்டதில் ஓர் ஈக்குப் பங்கு உண்டு. கேம்பிரிட்ஜில் மைக்கேல் பெரிட்ஜ், மாமிச ஈயின் நூல்போன்ற உமிழ்நீர்ச் சுரப்பியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கால்சியத்தை விடுவிப்பது ஐபி3தான் என்பதை 1983இல் அவரும் சக விஞ்ஞானிகளும் கணையச் செல்களில் காட்டினார்கள்.

வயது இந்தச் சங்கிலியில் எங்கே கை வைக்கிறது? அமெரிக்காவின் பால்டிமோரில் ஜார்ஜ் ராத், புரூஸ் பாம் குழுவினர் கிழ எலிகளின் காதோர உமிழ்நீர்ச் சுரப்பிச் செல்களைச் சோதித்தார்கள். கோளாறு ஏற்பியில் இல்லை. சேதி உள்ளே வந்த பிறகு நிகழும் கட்டத்தில் இருந்தது. கால்சியத்தை வேறு வழியாகச் செல்லுக்குள் விட்டால் கிழச் செல்லும் வேலை செய்தது. சேதிதான் மங்கியிருந்தது. எனக்கு இது பெரிய ஆறுதலாகப் படுகிறது.

மனிதர்களிடம் பாம் 1981இல் வெளியிட்ட ஆய்வோ, ஆரோக்கியமான முதியவர்களிடம் தூண்டிவிட்டால் காதோரச் சுரப்பி இளையவர்களுக்கு நிகராகவே சுரப்பதைக் காட்டியது. அப்படியானால் வறட்சிக்கு முதல் சந்தேகம் மாத்திரைகள்மேல் விழ வேண்டும். ஒவ்வாமை, மனச்சோர்வு, சிறுநீர் அவசரம் ஆகியவற்றுக்கான மருந்துகள் பல, மேலே சொன்ன அதே ஏற்பியை அடைத்துக்கொள்கின்றன.

இனி, உணவைக் குறைப்பது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே 1935இல் குறைவாக ஊட்டிய எலிகள் நீண்ட நாள் வாழ்ந்ததைக் காட்டியபின், “கம்மியாகச் சாப்பிட்டால் முதுமை தள்ளிப்போகும்” என்ற பேச்சு வலுத்தது. அந்த எலிகளுக்குக் குறைந்தது கலோரி மட்டுமே. விட்டமினும் தாதுவும் கணக்காகக் கொடுக்கப்பட்டன. பெரியம்மாவின் கஞ்சியை அதோடு சேர்க்கக் கூடாது. அதில் புரதமும் குறைவு, மெல்லுவதற்கும் ஒன்றுமில்லை. திரவ உணவு மட்டுமே கொடுத்த எலிகளுக்குக் காதோரச் சுரப்பி சுருங்கிப்போகிறது. மென்று தின்னும் தீனிக்குத் திரும்பினால் மீண்டும் வளர்கிறது. வாய் உலர்ந்ததால் கஞ்சி. கஞ்சியால் சுரப்பிக்கு வேலையில்லை. அதனால் வாய் இன்னும் உலரலாம். முதியவர்கள் இந்தச் சுழலில் சிக்குவதை நாம் கவனிப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

போன வாரம் பெரியம்மாவின் மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டினோம். ஒன்றை நிறுத்தி வேறொன்றை எழுதிக்கொடுத்தார். இரவில் கஞ்சியோடு இப்போது வேகவைத்த கேரட்டும் கொஞ்சம் பனீரும் வைக்கிறோம். ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கி, நிதானமாக மென்றுகொண்டே டிவி பார்க்கிறார்.