ஈயின் காதலுக்கு அளவுகோல்

சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில், வரசித்தி விநாயகர் திருமுன் சத்தியம் செய்து வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளும் மரபு நெடுங்காலமாக உண்டு. அறிந்தே சொல்லும் பொய்யை அந்தச் சத்தியம் தடுக்கும். அறியாமலே நேரும் பொய்யைத் தடுப்பது எங்ஙனம்? அவ்வட்டாரத்து மாம்பழங்களை மொய்க்கும் ஒரு சிற்றீ இதற்கு விடை கூறுகிறது.

மாங்காயினுள் புழு வைக்கும் ஈ வேறு. நாம் கூறுவது அளிந்த பழத்தைச் சுற்றும் செங்கண் ஈ. எந்த மாநிலத்தில் குடியிருப்பினும், நம் அடுக்களையில் இதனைக் காணலாம். நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அறிவியலார் இதனை டிரோசோபிலா என்பர். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் 1962இல் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கிய ஒபைது சித்திகி, பிற்காலத்தில் இவ்வீயின் மோப்பத்தையும் சுவையுணர்வையும் ஆராய்ந்தார்.

ஆண் ஈ, பெண் ஈயை நோக்கித் திரும்பும், பின்தொடரும், முன்காலால் தட்டும், ஒரு சிறகை விரித்து அதிர்த்து இசை எழுப்பும். ஆராய்ச்சியாளர் இரண்டையும் சிறு கண்ணாடி அறையில் இட்டுப் பெரும்பாலும் பத்து நிமிடங்கள் நோக்குவர். அந்த 600 விநாடிகளில் 420 விநாடிகள் ஆண் ஈ இச்செயல்களில் ஈடுபட்டதாயின், அதன் காதல் எண் நூற்றுக்கு 70 ஆகும்.

இந்த எண்ணால் ஈயின் நினைவாற்றலையும் அளக்கலாம். முன்னரே கூடிவிட்ட பெண் ஈ, நெருங்கும் ஆணை மறுத்து விலக்கும். அங்ஙனம் மறுக்கப்பட்ட ஆண், பின்னர் வேறு பெண்ணிடமும் தயங்குகிறது என்றும், இத்தயக்கம் சில மணி நேரம் நீடிக்கிறது என்றும் 1979இல் அமெரிக்காவில் கண்டனர். அம்னீசியாக் என்னும் மரபணு பழுதுற்ற ஈயோ அப்பாடத்தை விரைவில் மறந்தது. ஈயின் மரபணுக்கள் பலவற்றுக்கு மனிதரிடத்தும் இணையுண்டு. ஆதலின், மனிதரின் மறதி நோய்களை ஆராய்வோரும் இச்சோதனையை நாடுகின்றனர்.

இங்கேதான் அபாயம் உள்ளது. எது பாடம் பெற்ற ஈ என்று தெரிந்திருந்தால், நோக்குபவரின் விரல் அவரையறியாமலே கடிகாரத்தைச் சற்று முன்னதாக நிறுத்தக்கூடும். அவர் நேர்மையாளரே, எனினும் எண் பொய்த்துவிடும், அதனை நம்பி நோயை ஆராய்வோர் வழிதவறுவர். ஆகவே, ஒருவர் குப்பிகளுக்கு இரகசியக் குறியிட, மற்றொருவர் ஏதும் அறியாமல் விநாடிகளை எண்ணுகிறார். இன்று ஒளிப்படக் கருவியும் கணிப்பொறியும் துணை செய்கின்றன. எண்ணி முடித்த பின்னரே குறிகளின் பொருள் வெளியிடப்படும். ஆராய்ச்சிச்சாலையின் சத்தியம் இதுவே.