உள்ளாட்சி மானியமும் அயலார் பணியும்

பேரிடர்க் காலத்தில் அரசு ஒதுக்கும் பணம் எவ்வழியாக எளியோரின் வாயிலைச் சென்றடைகிறது என்னும் வினாவில், அயலாரைக் குறித்த நம் பொறுப்பும் அடங்கியுள்ளது. 2020ஆம் ஆண்டில் கோவிட் பெருந்தொற்று பரவியபோது இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் சமூகக் குழுக்களுக்கு வழங்கிய மானியங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

2020 மார்ச் 23 அன்று அந்நாட்டில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், கடும் நுரையீரல் நோயுற்றோர் போன்ற 20 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பட்டியலிடப்பட்டு, வீட்டைவிட்டு வெளியேறாதிருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். அவர்களுள் உணவு பெற வேறு வழியற்றோருக்கு ஜூலை இறுதிவரை அரசே உணவுப் பெட்டிகளை அனுப்பியது. ஆயினும் அப்பட்டியல் நோயை அளவுகோலாகக் கொண்டு தயாரிக்கப்பட்டது. வேலை இழந்த தொழிலாளி, துணையை இழந்து தனித்து வாழும் முதியவர், குடியேற்ற விதிகளால் அரசின் நலவுதவி பெற இயலாத குடும்பம் ஆகியோர், நோயுற்றிருந்தாலன்றி, அதில் இடம்பெறவில்லை.

இவ்விடைவெளியை நிரப்ப முன்வந்தோர் அயலாரே. தெருவாரியாகப் பரஸ்பர உதவிக் குழுக்கள் தோன்றின. தொலைபேசி எண் எழுதிய சீட்டுகளை வீடுதோறும் இட்டனர்; மருந்தும் மளிகையும் வாங்கி வாயிலில் வைத்தனர்; தனித்திருந்தோருடன் தொலைபேசியில் உரையாடினர். ஆலயங்கள், மசூதிகள், குருத்துவாராக்கள் பலவும் உணவு வழங்கும் இடங்களாயின.

மன்றத்திடம் பணமும் சட்ட அதிகாரமும் உண்டு; எந்த வீட்டின் திரைச்சீலை மூன்று நாளாக விலக்கப்படவில்லை என்னும் செய்தி அண்டை வீட்டாருக்கே தெரியும். இவ்விரண்டையும் இணைப்பதே மானியத்தின் நோக்கம். மிகச் சிறிய உள்ளாட்சி அமைப்பான பாரிஷ் மன்றங்கூட இதனைச் செய்ய இயலும். பெயர் திருச்சபைப் பங்கை நினைவூட்டினாலும், 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இம்மன்றங்கள் குடிமை அமைப்புகளே. 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 137ஆம் பிரிவு, வேறு அதிகாரம் இல்லாதவிடத்து, ஊர் மக்களின் நலனுக்காக ஓரளவு செலவிட இவற்றிற்கு இடமளிக்கிறது. 2020–21இல் அதன் உச்சவரம்பு, வாக்காளர் ஒருவருக்கு 8 பவுண்டு 32 பென்ஸ் என்னும் கணக்கில் அமைந்தது. பெரிய மன்றங்களுக்கு மைய அரசும் நிதியளித்தது. உணவுக்கும் அத்தியாவசியப் பொருள்களுக்குமென 2020 கோடையில் 6 கோடியே 30 லட்சம் பவுண்டும், அக்குளிர்காலத்திற்கென 17 கோடி பவுண்டும் ஒதுக்கப்பட்டன. தொண்டு அமைப்புகளின் வாயிலாகவும் இவ்வுதவியை வழங்க மன்றங்களுக்கு வழியிருந்தது.

எனினும் இரு இடர்ப்பாடுகள் எழுந்தன. முதலாவது, மானிய நிபந்தனைகள். எழுதப்பட்ட அமைப்பு விதிகள், குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, காசோலையில் இருவர் கையொப்பம், நலிந்தோரைப் பாதுகாக்கும் நெறிமுறை, செலவுக் கணக்கு ஆகியவற்றை மன்றங்கள் வழக்கமாகக் கோருகின்றன. பொதுப்பணத்திற்கு இவை தேவையே. தனித்து வாழும் முதியவரின் பணத்தைப் பெற்றுக் கடைக்குச் செல்பவர் நம்பத்தக்கவராயிருத்தல் வேண்டுமன்றோ? ஆனால் பத்து நாள்களுக்கு முன் தோன்றிய குழுவிடம் இவற்றை எதிர்பார்க்க இயலாது. ஏற்கெனவே கணக்கு வைத்துள்ள தொண்டு நிறுவனமோ ஆலயமோ அக்குழுவின் சார்பில் பணத்தைப் பெற்று, கணக்குக்குப் பொறுப்பேற்பது இதற்கு ஒரு வழி.

இரண்டாவது இடர்ப்பாடு இதனினும் ஆழமானது. கல்வியும் வசதியும் மிகுந்த பகுதிகளிலேயே இத்தகைய குழுக்கள் எளிதில் தோன்றின. விண்ணப்பம் எழுத வல்லோர் அங்கு மிகுதி. தேவையோ பிற பகுதிகளில் மிகுதி. விண்ணப்பித்தோர்க்கு மட்டும் வழங்கும் மன்றம், முறைப்படி நடந்தும் எளியோரைத் தவறவிடக்கூடும். ஆகவே குழுக்கள் தோன்றாத தெருக்களுக்கு மன்றத்தின் அலுவலர் தாமே சென்று, அங்குள்ளோரோடு அமர்ந்து விண்ணப்பத்தை நிரப்ப உதவுதல் வேண்டும்.

மானியத்தின் பயனை அளக்க முற்படுவோர், எத்துணைப் பணம் செலவாயிற்று என்பதோடு, எப்பட்டியலிலும் இடம்பெறாதோர் எத்தனைபேர் உதவி பெற்றனர் என்றும் வினவுதல் வேண்டும். நம் சபைகளிலும் கூடமுண்டு, கணக்குமுண்டு, தெருவை அறிந்தோருமுண்டு. இவற்றை அயலாரின் குழுக்களுக்கு எவ்வாறு திறந்துவிடலாம் என்பதை, அடுத்த பேரிடர் வருமுன்னரே நாம் முடிவு செய்துகொள்வது நலம்.