விமானிக்குத் தேர்வு வைப்பது எப்படி?

ஊரில் பத்து வருடம் கார் ஓட்டியவன் என்ற மிதப்பில் ஸ்டுட்கார்ட்டில் ஓட்டுநர் தேர்வுக்குப் போனேன். இந்திய உரிமம் இங்கே ஆறு மாதம்தான் செல்லும். வலப்பக்கம் திரும்பும்போது சைக்கிள் வருகிறதா என்று தோளுக்குப் பின்னால் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. பின்சீட்டில் இருந்த பரிசோதகர் தோற்கடித்துவிட்டார். இரண்டாம் முறை கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தேறினேன். அடுத்த மாதம் தனியாக ஓட்டியபோது எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

நான் விமானி அல்ல, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் விபத்து அறிக்கைகளை விரும்பிப் படிக்கிறவன். பயணிகள் விமானிகளை மதிப்பிடுவதிலும் இதே சங்கடம் இருக்கிறது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு உட்பட வேண்டும். 'செக் ரைட்' என்பார்கள். பெரும்பாலும் சிமுலேட்டரில் நடக்கும். ஓர் என்ஜின் அணையும். இறங்க வந்த விமானத்தை மறுபடி மேலே ஏற்றிச் சுற்றி வரச் சொல்வார்கள். என்னென்ன வரும் என்பது விமானிக்கு ஏறக்குறைய முன்பே தெரியும்.

'தேர்வில் என்ன இருக்கிறது, அனுபவம்தான் பேசும்' என்பது எதிர்க்கட்சி. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, துணை விமானியாகவே 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று 2013-இல் அங்கே விதி வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த விமானிகள் இருவருமே அதைவிட அதிகம் பறந்தவர்கள். கேப்டனோ பல செக் ரைடுகளில் முதல் முறை தேறாதவர். ஐரோப்பாவில் இன்றும் சுமார் 200 மணி நேரத்துடன் துணை விமானி ஆகலாம்.

நமக்கு நெருக்கமான வழக்கு மங்களூர். 2010 மே 22, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 8 பேர் பிழைத்தார்கள். கேப்டன் 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அன்று வழியில் வெகுநேரம் தூங்கியிருந்தார். விமானம் வேண்டியதைவிட உயரத்தில், வேகமாக வந்தது. மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி கடந்தபின்தான் சக்கரம் தரையைத் தொட்டது. அப்போதும் முழு பிரேக் பிடித்திருந்தால் தளம் போட்ட பகுதிக்குள் நின்றிருக்கலாம் என்கிறது விசாரணை அறிக்கை. அவரோ அதன் பிறகு மேலே ஏற முயன்றார்.

மேலே ஏறுவது அவருக்குத் தெரியாத வித்தை அல்ல; செக் ரைடில் தவறாமல் கேட்கப்படுவது. ஆனால் அன்று பரிசோதகர் யாரும் ஏறச் சொல்லவில்லை, இளையவர் ஒருவர் சொன்னார். துணை விமானி எப்போது விமானத்தைத் தன் கையில் எடுக்கலாம் என்பதிலும் விதிகள் தெளிவாக இல்லை என்று அறிக்கை குறிப்பிட்டது.

அனுபவத்தின் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் ஆராய்ந்தபோது, இப்படி நிலைகொள்ளாமல் இறங்க வரும் விமானங்களில் நூற்றுக்கு மூன்றுதான் மேலே ஏறிச் சுற்றுகின்றன என்று தெரிந்தது. மற்றவை பெரும்பாலும் பத்திரமாகவே இறங்கிவிடுகின்றன. 'ஒன்றும் ஆகாது' என்பதையும் அனுபவம்தானே கற்றுக்கொடுக்கிறது?

இதற்கு மாற்றாக, 2013-இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தரவுகளின் அடிப்படையிலான பயிற்சி முறைக்குக் கையேடு வெளியிட்டது. 2020-இல் ஐரோப்பிய ஒன்றியம், ஆறு மாதச் சோதனைக்குப் பதிலாகவே இதை வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு வழி செய்தது. இதில் முழுப் பயணம் ஒன்றைச் சிமுலேட்டரில் ஓட்டவிட்டு, முடிவெடுத்தல், சூழலைக் கவனித்தல், கூட்டாளியுடன் பேசுதல் போன்றவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் போடுகிறார்கள். என்ஜின் அணைந்தபோது சரியான விசையைத் தொட்டாரா என்பதைச் சொல்வது எளிது. 'சூழலைக் கவனித்தார், ஐந்துக்கு மூன்று' என்பதை இருவர் ஒரே மாதிரி சொல்வார்களா? அதனால் ஒரே பதிவைப் பல பயிற்சியாளர்களிடம் காட்டி, அவர்கள் தரும் மதிப்பெண்கள் ஒத்துப்போகின்றனவா என்று அவர்களுக்கும் தேர்வு வைக்கிறார்கள்.