கணப்புக்கு மேலே டிவி

கனடாவிலோ இங்கிலாந்திலோ பழைய வீடு வாங்கியவர்களுக்குக் கூடத்தில் ஒரு தர்மசங்கடம் காத்திருக்கும். நடுச்சுவரைச் செங்கல் கணப்பு பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் ஜன்னல், இன்னொரு பக்கம் கதவு. டிவிக்கு மிஞ்சுவது கணப்புக்கு மேலே இருக்கும் வெற்றுச் செங்கல் பரப்புதான். முன்பு அங்கே குடும்பப் படமோ நிலைக்கண்ணாடியோ தொங்கும். முதுகு புடைத்த பழைய டிவிப் பெட்டியை அங்கே ஏற்ற யாருக்கும் தோன்றியிருக்காது. 1990களின் கடைசியில் தட்டை டிவிகள் வந்த பிறகு எல்லோருக்கும் தோன்றுகிறது.

செங்கல்லில் ஸ்க்ரூ நிற்குமா என்பதுதான் எல்லோருக்கும் முதல் பயம். நிற்கும். சொல்லப்போனால் அந்தச் சுவரில் கவலைப்பட வேண்டிய விஷயங்களில் அதுதான் சின்னது.

மரத்தில் ஸ்க்ரூ தனக்கான மரையைத் தானே வெட்டிக்கொள்ளும். மரநார் விலகிக் கொடுத்து, பிறகு இறுகிக்கொள்ளும். செங்கல் அப்படி விட்டுக்கொடுக்காது, உதிர்ந்துவிடும். அதனால் பழைய கொத்தனார்கள் உளியால் சுவரைக் குடைந்து, அதில் மரக்கட்டையை அடித்து இறுக்கி, கட்டையில்தான் ஸ்க்ரூவை முடுக்கினார்கள். சுவரும் பாழ், கட்டையும் காய்ந்து சுருங்கினால் ஆட ஆரம்பிக்கும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சாதனங்களைப் பொருத்தும் வேலை ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஒப்பந்ததாரருக்கு வந்தபோது, சுவரைச் சிதைக்காமல் முடிக்க வேண்டியிருந்தது. சணல் நாரைக் குழாயாகத் திரட்டி விலங்கு ரத்தத்தால் ஒட்டி, சின்னத் துளைக்குள் செருகும் அடைப்பான் ஒன்றைச் செய்து, 1911-இல் காப்புரிமை வாங்கினார். நம் ஊர் எலக்ட்ரீஷியன் ஹார்டுவேர் கடையில் ‘ரால் பிளக்’ என்று கேட்டு வாங்குவது அதன் வாரிசைத்தான். 1958-இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் வைத்திருந்த மனிதர் அவர்.

பிளக்கின் நடுவே பிளவு உண்டு. ஸ்க்ரூ உள்ளே போகப் போக இரு பாதிகளும் விரிந்து துளையின் சுவரை நெருக்கும். ஸ்க்ரூ செங்கல்லைத் தொடுவதே இல்லை. டிவியை வெளியே சாய்ந்துவிடாமல் பிடித்திருப்பது அந்த நெருக்கலும் உராய்வும்தான். துளை ஒரு மில்லிமீட்டர் பெரிதானாலும், உள்ளே தூள் தங்கினாலும் பிடி தளர்ந்துவிடும். 10 மி.மீ. பிளக்குக்கு 10 மி.மீ. பிட், பிளக்கின் நீளத்தைவிடச் சற்று ஆழமான துளை, முடித்ததும் தூளை உறிஞ்சி எடுப்பது என்ற மூன்றிலும் அவசரம் கூடாது. டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த பிட் செங்கல்லைச் சீவுவதில்லை, இடித்துப் பொடிக்கிறது. அந்தப் பொடியில் சிலிகா உண்டு. மாஸ்க் போடாமல் டிரில்லரைத் தொடாதீர்கள்.

துளையைச் செங்கல்லில் போடுவதா, இடையிலுள்ள சாந்தில் போடுவதா என்ற வழக்கு ஓயாது. சாந்துக் கட்சியின் வாதம்: பின்னால் அடைப்பது சுலபம். ஆனால் சாந்து வரியின் அகலமே சுமார் 10 மி.மீ.தான். பிளக் அதற்குள் முழுசாக அடங்கி, இறுகப் பற்ற எதுவும் மிஞ்சாது. படம் மாட்ட அது போதும்; டிவிக்குச் செங்கல்லின் நடுப்பகுதிதான் என் கட்சி. ஓரத்துக்குப் போனால் பிளக் விரியும்போது செங்கல்லே பிளந்துவிடும். டிவி முதுகிலுள்ள நான்கு துளைகளின் இடைவெளி, 400-க்கு 400 மி.மீ. என்பது போல, தரப்படுத்தப்பட்டது. சுவரில் பதியும் தகட்டிலோ நீள நீளமான காடிகள் இருக்கும். ஸ்க்ரூவுக்குத் தோதான செங்கல்லைத் தேடிக்கொள்ளத்தான் அந்தத் தாராளம்.

பிட் திடீரென ‘பொதுக்’ என்று உள்ளே போனால் அங்கேயே நிறுத்த வேண்டும். துவாரச் செங்கல்லாக இருக்கலாம். அதற்கு வலைக்குழாய் செருகிப் பசை நிரப்பும் கெமிக்கல் ஆங்கர் தேவை. மரச்சட்டத்தின் முன்னால் அழகுக்காக அடுக்கிய ஒற்றை வரிசையாகவும் இருக்கலாம். இன்னொரு சாத்தியம் மோசமானது: பின்னால் புகைபோக்கி. அங்கே ஓட்டை விழுந்தால் புகையும் கார்பன் மோனாக்சைடும் வீட்டுக்குள் வரும். அடைத்துச் சரிபார்க்காமல் நெருப்பு மூட்டக் கூடாது.

எடைக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நீர் நிறைந்த வாளியை உடலோடு ஒட்டித் தூக்குவதும், கையை நீட்டித் தூக்குவதும் ஒன்றா? 20 கிலோ டிவி, மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் 20 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். டிவி சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி நின்றால் மேல் ஸ்க்ரூக்களை வெளியே இழுக்கும் விசை 5 கிலோ எடைக்குச் சமம். டிவியை முன்னால் இழுக்க உதவும் மடக்குக் கையில் 50 செ.மீ. இழுத்துவிட்டால் அதே டிவி 50 கிலோவாக இழுக்கும்.

சுவர் தேறிவிட்டது. டிவி தேறுமா? பெரும்பாலான டிவிகளின் கையேடு 40 டிகிரி செல்சியஸை உச்ச வரம்பாகச் சொல்கிறது. கணப்பிலிருந்து எழும் சூடான காற்று நேராக ஏறுவது அந்தச் சுவரில்தான். உள்ளேயிருக்கும் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்கள், 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகக் குறையும் ஜாதி. கணப்பின் தலைமாட்டில் வெளியே நீண்ட மேன்டல் பலகை இருந்தால் காற்றைத் திருப்பிவிடும். சில வீடுகளில் அது பேருக்குத்தான் இருக்கும். டிவி வரப்போகும் இடத்தில் வெப்பமானியை டேப்பால் ஒட்டி, வழக்கம்போல் நெருப்பு மூட்டி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 40-ஐ நெருங்கினால் ஒன்று நெருப்பை விட வேண்டும், அல்லது டிவியை. கணப்பை அலங்காரத்துக்கு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

அடுத்தது கழுத்து. சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். மேன்டலோ பல வீடுகளில் நாலரை அடி. திரை அதற்கும் மேலேதான் தொடங்கும். டிவியை முன்பக்கம் சாய்த்தால் படம் தெளியும், கழுத்து இறங்காது. மேன்டலுக்கு முன்னால் கீழே இழுத்துப் பார்க்கும் மவுண்ட்டுகள் இருக்கின்றன. மேலே சொன்ன வாளிக் கணக்கு முழுசாகப் பொருந்துவது அவற்றுக்குத்தான். என்னைக் கேட்டால், பக்கச் சுவரில் ஒரு மேஜைக்கு இடமிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

மாட்டியே தீருவது என்றால், ரசமட்டம் வைத்துக் கோடு போட்ட பிறகு சோபாவில் போய் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். பழைய கணப்புகளில் செங்கல் வரிசையே ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். ரசமட்டப்படி நேராக நிற்கும் டிவி, செங்கல் கோடுகளுக்கு முன்னால் கோணலாகத் தெரியும். அப்போது செங்கல் வரிசையோடு ஒத்துப்போவதே கண்ணுக்கு நல்லது. தகட்டைப் பொருத்தியதும், டிவியை ஏற்றும் முன் இரண்டு கையாலும் பற்றிப் பலமாக இழுத்துப் பாருங்கள். மின்கம்பியைப் புகைபோக்கி வழியாக மட்டும் விடாதீர்கள். பெயின்ட் அடித்த கேசிங்கில் சுவரின் மேலேயே போகட்டும்.

துளை போடும்போது கொட்டும் செந்தூளைக் கொஞ்சம் டப்பாவில் எடுத்துவையுங்கள். பின்னாளில் டிவியைக் கழற்றினால் துளைகளை அடைக்கும் பசையில் அதைக் கலந்துகொள்ளலாம். கடையில் வாங்கும் எந்தச் சிவப்பும் உங்கள் சுவரின் நிறத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வராது.