சூடும் வெயிலும்: உப்பு ஒரு வழி, கற்கண்டு ஒரு வழி

தாளிக்கிற எண்ணெயில் ஒரு கல் உப்பைப் போட்டால், எவ்வளவு கிண்டினாலும் அடியில் அப்படியே கிடக்கும். தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். வித்தியாசம் தண்ணீரின் மூலக்கூறில் இருக்கிறது. அதன் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின்தன்மை கொண்டது. ஹைட்ரஜன் பக்கம் நேர்மின்தன்மை. உப்புக் கல்லோ சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மாறிமாறி அடுக்கிய கட்டு. ஆக்சிஜன் சோடியத்தை இழுக்க, ஹைட்ரஜன் குளோரைடை இழுக்கும். மூலையிலும் விளிம்பிலும் இருக்கும் அயனிகளுக்கு அண்டைப் பிடிமானம் குறைவு என்பதால் அவைதான் முதலில் கழலும். எண்ணெய்க்கு இந்த இழுவை இல்லை.

சர்க்கரை அயனிகளாகப் பிரிவதில்லை. மூலக்கூறு மூலக்கூறாக, முழுசாகவே கழன்று தண்ணீரோடு சேரும்.

கரண்டியால் கலக்கினால் சீக்கிரம் கரையும், அவ்வளவுதான், கூடுதலாகக் கரையாது. 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 36 கிராம் உப்பைத்தான் ஏற்கும். மிச்சம் அடியில் தங்கும். தங்கியது சும்மா கிடக்கிறதென்று நினைக்க வேண்டாம். அதிலிருந்து எத்தனை அயனிகள் கழல்கின்றனவோ அத்தனை திரும்பி வந்து ஒட்டிக்கொண்டே இருக்கும். இதுதான் தெவிட்டிய கரைசல்.

சூடாக்கினால் கூடுதலாகக் கரையுமே என்று கேட்கலாம். சர்க்கரைக்கு அது சரி: 20 டிகிரியில் சுமார் 200 கிராம் கரைவது, 100 டிகிரியில் 480 கிராமைத் தாண்டும். உப்புக்கோ கொதிக்கும் தண்ணீரிலும் 39 கிராம்தான்!

தூத்துக்குடி வட்டாரத்தில் இரண்டு தொழில்கள் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. பனங்கற்கண்டுக்குப் பதநீரைப் பாகாகக் காய்ச்சி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். ஆற ஆறத் தண்ணீரால் தாங்க முடியாத சர்க்கரை நூலைப் பற்றிப் படிகமாகும். அவசரப்பட்டுக் கிளறினால் பெரிய கற்கள் கிடைக்காது, பொடிதான்.

உப்பை ஆறவைத்து எடுத்துக் கட்டுப்படியாகாது. தண்ணீரையே போக்க வேண்டும். அதற்குத்தான் வெயில். ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளுமாகச் சுமார் 35 கிராம் உண்டு. பாத்தி பாத்தியாக அது சுண்டும்போது ஜிப்சம் முந்திக்கொண்டு படிந்துவிடும். அடர்த்திமானி பாமே அளவில் (இது வெப்பநிலை அல்ல, அடர்த்தியின் அளவு) 25 டிகிரியை நெருங்கும்போதுதான் சாப்பாட்டு உப்பு விளையத் தொடங்கும். 29, 30 டிகிரி வரை விட்டால் மெக்னீசியம் உப்புகள் மிகுந்து கசப்பு ஏறும். அதனால் அந்தக் கட்டத்தில் மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, பாத்தியில் விளைந்ததை மட்டும் வாரி எடுப்பார்கள்.