எங்கள் சட்டிக்கும் இடம் வேண்டும்

சமயபுரத்தாள் பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கிறாள். அந்த நாட்களில் துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீருமே அவளுக்குப் படையல். எங்கள் தெருவிலும் அதுவரை கவிச்சி கிடையாது.

விரதம் முடிந்தபின் நண்பர்களோடு பந்தி போட்டோம். மாட்டு உப்புக்கண்டக் குழம்பு, குடல் வறுவல். முதன்முறை சாப்பிட்ட நண்பர், காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: "இத்தனை வருஷமா ஏன் கூப்பிடலை?"

டிபன் பாக்ஸை மூடி மறைத்தே சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எப்படிக் கூப்பிடுவோம்?

2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் அறிவித்த ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை. இது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் சொல்லி விழா தள்ளிவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், சென்னை தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் எதிர்ப்பு எழுந்த பிறகே அந்தக் கடைகள் வந்தன.

யாரும் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அரசு போடும் பந்தியில் எங்கள் சட்டிக்கும் இடம் கேட்கிறோம். அம்மனின் பட்டினியை மதிக்கும் ஊருக்கு அடுத்தவர் சோற்றை மதிப்பது பெரிய காரியமல்ல.

நண்பருக்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறோம்.