பிள்ளைக்கு எந்த டெப் கணினி?

புத்தளம் களப்பிலே இறால் பிடிக்கச் செல்வோர் சிறு தோணியை நாடுகின்றனர். கற்பிட்டிக்கு அப்பால் ஆழ்கடலுக்குச் செல்வோர் இயந்திரப் படகை நாடுகின்றனர். "சிறந்த கலம் எது?" என்று வினவினால், "எந்த நீருக்கு?" என்றே அவர்கள் திருப்பிக் கேட்பர். கலம் வாங்குவதில் இத்துணைத் தெளிவுடைய நம் கரையோர மக்கள், பிள்ளைகளுக்கு டெப் கணினி வாங்கும்போது மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை மறுபேச்சின்றி வாங்கி வருவது ஏனோ?

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டது முதல், இக்கருவி செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருள் என்ற நிலை மாறிவிட்டது. 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் அதன் விலையும் உயர்ந்தது. நகையை அடகு வைத்தேனும் வாங்கிக் கொடுக்கத் துணியும் பெற்றோர் நம்மிடையே உளர். அப்பணம் வீண்போகலாகாது அல்லவா?

கருவியை உடல் என்று கொண்டால், அதன் பணிசெயல் முறைமையை உயிர் எனலாம். இன்று சந்தையில் போட்டியிடுவன மூன்று. 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் விற்பனைக்கு வந்த அப்பிளின் ஐபேட், 2019 முதல் 'ஐபேட் ஓ.எஸ்.' என்னும் தனி முறைமையில் இயங்குகின்றது. கூகுளின் ஆண்ட்ரொய்டைச் சாம்சுங், லெனோவோ, சியோமி முதலிய பல நிறுவனங்கள் தத்தம் கருவிகளில் அமைக்கின்றன. மைக்ரோசொப்டின் விண்டோஸ், மேசைக் கணினியில் நாம் காணும் அதே முறைமையாகும்.

அழகும் வேகமும் இருந்தால் மட்டும் போதுமா? 2011ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். எச்.பி. நிறுவனம் 'வெப் ஓ.எஸ்.' என்னும் முறைமையோடு 'டச்பேட்' என்னும் கருவியை யூலை முதலாந் திகதி அமெரிக்காவில் விற்கத் தொடங்கிற்று. முறைமையைப் புகழ்ந்தோர் பலர். ஆயினும் அதற்கென எழுதப்பட்ட செயலிகளோ சில. ஐம்பது நாள் நிறையுமுன், ஆகஸ்ட் 18ஆந் திகதி, நிறுவனமே அதனைக் கைவிட்டது. துணைச் செயலிகள் இல்லாத முறைமை, பயணிகள் ஏறாத பேருந்து போன்றது.

மலிவு ஒன்றையே கருதினாலும் இடருண்டு. அதே ஆண்டு ஒக்ரோபரில் இந்திய அரசு மாணவர்க்கென 'ஆகாஷ்' என்னும் மலிவு விலை டெப்பினை வெளியிட்டது. நோக்கம் உயர்ந்தது, ஆனால், முதற் பதிப்பின் வேகம் மிகக் குறைவு, திரையையோ அழுத்தித் தொடவேண்டியிருந்தது. 2012 நவம்பரில் மேம்பட்ட இரண்டாம் பதிப்பு வந்தது.

அடுத்து ஆயுள். புதிய பதிப்புகளும் பாதுகாப்புத் திருத்தங்களும் வருவது நின்றால், கருவி பழுதின்றி இருந்தும் செயலிகள் ஒவ்வொன்றாக அதனைக் கைவிடும். முதல் ஐபேட் 2012ஆம் ஆண்டின் பதிப்பையே ஏற்கவில்லை. 2014இல் வந்த 'ஐபேட் எயார் 2', 2021ஆம் ஆண்டின் பதிப்பு வரை ஏற்றது. ஆண்ட்ரொய்டில் இவ்வாயுள் நிறுவனத்துக்கு நிறுவனம், விலைக்கு விலை வேறுபடும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்தது. பழைய கருவி வாங்குவோர் இதனை மறத்தலாகாது.

தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பர். வென்னப்புவைப் பக்கத்தில் இத்தாலியிலிருந்தும், பிற ஊர்களில் வளைகுடா நாடுகளிலிருந்தும் உறவினர் அனுப்பும் டெப்புக்கு இப்பழமொழி பொருந்தாது! 2019ஆம் ஆண்டின் அமெரிக்கத் தடைக்குப்பின் வந்த ஹுவாவி கருவிகளில் கூகுள் சேவைகள் அமைந்து வருவதில்லை. அமேசனின் 'ஃபயர்' டெப்பிலும் கூகுளின் செயலிக் கடை இராது. ஆசிரியர் கூகுள் வகுப்பறையில் பாடம் இட்டால், பிள்ளை இடர்ப்படும். ஆதலின், அனுப்புமுன் மாதிரியின் பெயரைக் கேட்டறிதல் நன்று.

தமிழ் மாணவர்க்கு மற்றோர் இடருமுண்டு. நம் ஆசிரியர் பலர் குறிப்புகளை இன்றும் 'பாமினி' எழுத்துருவில் தட்டெழுதுகின்றனர். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அக்கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். விண்டோஸில் எழுத்துருவை எளிதில் நிறுவலாம். ஏனையவற்றில் அது அத்துணை எளிதன்று. ஆசிரியர்கள் யுனிகோடில் எழுதினாலோ, பி.டி.எஃப். கோப்பாக அனுப்பினாலோ இத்தொல்லை நீங்கும்.

இனி, யாருக்கு எது? சாதாரண தரம் வரை பாடம் கேட்கவும் வினாத்தாள் வாசிக்கவும், எத்தனை ஆண்டு திருத்தம் வரும் என்பதை வெளிப்படையாகக் கூறும் நிறுவனத்தின் ஆண்ட்ரொய்ட் டெப் போதும். நினைவகம் 4 ஜி.பி.க்கும் சேமிப்பிடம் 64 ஜி.பி.க்கும் குறையாதிருக்கட்டும். நிரல் எழுதவும் நீண்ட கட்டுரை வரையவும் வேண்டிய உயர்தர, பல்கலைக்கழக மாணவர் சற்றுப் பொறுத்துப் பணஞ் சேர்த்து விசைப்பலகையுள்ள விண்டோஸ் கருவியையோ மடிக்கணினியையோ வாங்குவது மேல். சித்திரமும் வடிவமைப்பும் பயில்வோர்க்கு ஐபேட் சிறந்தது. விலையைத் தாங்கும் வசதி வேண்டும்.

எதை வாங்கினும், புத்தளத்திலோ சிலாபத்திலோ திருத்துவோர் உளரா என்று முன்னரே விசாரியுங்கள். நம் உப்புக்காற்று சார்ச் செய்யும் துவாரத்தை அரிக்கவல்லது, உறையிட்டுப் பேணுக. பிள்ளையையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். தன் பெயரையும் பாடசாலையின் பெயரையும் தமிழில் எழுதிப் பார்க்கட்டும். பாடக் கோப்பொன்றைத் திறந்து பார்க்கட்டும். "இது எனக்கு எதற்கு?" என்னும் வினாவுக்கு அப்பிள்ளை கூறும் விடையைக் கேட்டபின் பணப்பையைத் திறவுங்கள். அவ்வப்போது ஒரு பாடம் பார்க்க மட்டுமே என்றால், தந்தையின் கைப்பேசியே போதும். மீந்த பணத்தில் நல்ல நூல்கள் வாங்கலாம்.